வால் அறுந்த வரிகள்

சூசைமிக்கேலின் ஒன்பது வருட வாழ்க்கை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அகரவரிசைக்கு வந்து சேர்ந்தது.

கேன்டீன் வாசலில் புதுக் கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொரு கைப்பலகையைக் கொடுத்தார்கள். அதில் அவரவர் கோப்பு இருந்தது. மிக்கேல் திறந்து பார்த்தான். முதல் வரி, 'அடைப்பு எடுத்தாச்சு.' அடுத்தது, 'அண்ணன் மவனுக்குச் சட்டை அளவு கேக்கணும்.' அதற்கடுத்து, 'அப்பளம்.' அதன் கீழே, 'அப்பா செத்துட்டாரு, மேலே போனதும் மொதல்ல இதை வாசி.'

அப்பளத்துக்கும் அப்பாவுக்கும் இடையே எத்தனை மாதம், எத்தனை வருடம் என்று கோப்பில் இல்லை. எந்த அடைப்பு என்று இல்லை. சட்டை அளவைக் கேட்டானா என்றும் இல்லை. அந்த அண்ணன் மகனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது.

மிக்கேலுக்குக் கடலடியில் வேலை. தூத்துக்குடியிலிருந்து ஒரு பகல் கப்பல் ஓட்டம், பிறகு கூண்டில் கீழே. தரையில் உருளைக்கிழங்கு போல உலோகக் கட்டிகள் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி, மேலே உறிஞ்சும் குழாயின் வாயில் தள்ள வேண்டும். ஆரம்பத்தில் இயந்திரங்களைத்தான் இறக்கினார்கள். உப்பும் அழுத்தமும் அவற்றின் மூட்டுகளைத் தின்றன. இயந்திரத்துக்கு உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். மனிதனுக்கு உதிரிபாகமே கிடையாது என்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆளை இறக்கினார்கள்.

இருபத்தெட்டு நாள் கீழே, இருபத்தெட்டு நாள் மேலே. கீழே மருந்து கலந்த காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். அந்தக் காற்றுக்கு ஒரு குணம் உண்டு. மேலே வந்ததும் கீழே நடந்ததெல்லாம் துடைத்தாற்போல் போய்விடும். தொழில் மறக்காது, பெண்டாட்டி பெயர் மறக்காது. அந்த இருபத்தெட்டு நாள் மட்டும் இருக்காது. டாக்டர்கள் அதற்கு நீளமான பெயர் வைத்திருந்தார்கள். ஆட்கள் 'கழுவல்' என்றார்கள்.

அதனால் எல்லோர் காலரிலும் ஒரு பட்டன். அதைத் தொட்டுப் பேசினால் பேச்சு எழுத்தாகி ஒரு வரியாகக் கோப்பில் விழும். செய்ய வேண்டியது, செய்தது, தோன்றியது, திட்டியது எல்லாம் விழும். மேலே வந்ததும் கோப்பை வாசித்துத்தான் ஒருவன் தான் போன மாதம் என்னவாக இருந்தோம் என்று தெரிந்துகொள்வான்.

இப்போது கம்பெனி கை மாறிவிட்டது. வரிகள் வந்தன. வேறொன்று வரவில்லை.

"மேடம், இது என்ன எல்லாம் கலைஞ்சு கெடக்கு?" என்று மேஸ்திரி லாசர் கேட்டார். ஐம்பத்திரண்டு வயது. இருபது பேரைக் கட்டி மேய்ப்பவர்.

புதுக் கம்பெனி அனுப்பிய இன்ஜினியர் மிருதுளா கோயம்புத்தூர்க்காரி. யாரிடமும் குரலை உயர்த்தத் தெரியாதவள். "கலையலைங்க அண்ணா. அகரவரிசையில இருக்குதுங்க."

"எங்க பொழப்பு எப்பம்மா அகரவரிசையில நடந்துது?"

"பழைய கம்பெனியில ஒரு கொள்கை வெச்சிருந்தாங்க அண்ணா. கோப்பு வெறும் எழுத்தா இருக்கோணும், எந்தக் கருவியிலயும் திறக்கோணும், நூறு வருஷம் கழிச்சும் வாசிக்க முடியோணும்னு. நல்ல கொள்கைதானுங்க. ஆனா யார் சொன்னது, எப்போ சொன்னது, அந்த வேலை முடிஞ்சுதா இல்லையா, இதையெல்லாம் எழுத்துக்குள்ள போட்டா பார்க்க அசிங்கமா இருக்கும்னு தனியா ஒரு பெட்டகத்துல வெச்சுட்டாங்க. எது முன்னாடி எது பின்னாடிங்கறதும் அந்தப் பெட்டகத்துலதான்."

"அதாவது வரி எங்ககிட்ட, வால் அவன்கிட்ட."

"அப்படித்தானுங்க."

"அந்தப் பெட்டகம் எங்க?"

"அது அவங்க சொத்துங்க. தொழிலாளியோட எழுத்து தொழிலாளிக்கேன்னுதான் ஒப்பந்தத்துல இருக்குது. வாலைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. நாங்க கேட்டுப் பார்த்துட்டோம்."

லாசர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "மீனை எடுத்துட்டுச் செதிளைக் குடுத்திருக்கான். நாமளும் பளபளன்னு இருக்குன்னு வாங்கிட்டு வந்திருக்கோம்."

அவர் சிரித்தாலும் அவருக்குத்தான் அடி பலம். ஒன்பது வருடமாக வாரம் தவறாமல் 'இடது முழங்கால் வலிக்கி' என்று பட்டனில் சொல்லிவந்தவர் அவர். மேலே வேலை மாற்றிக் கேட்க அதுதான் ஆதாரம். பழைய கம்பெனி கோப்பை வெளியே எடுத்தபோது ஒரே மாதிரியான வரிகளை ஒன்றாக்கிவிட்டது. இப்போது லாசரின் கோப்பில் முழங்கால் ஒரே ஒரு தடவைதான் வலித்திருந்தது.

"ஒரு தடவை வலிச்சா தைலம் தேய்ச்சுக்கோங்கன்னு டாக்டரு சொல்லுதாரு" என்றார் லாசர்.

மிருதுளா அடுத்த செய்தியைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். புதுக் கம்பெனியின் மென்பொருள் வால் இல்லாத வரி எல்லாவற்றையும் பாக்கி வேலை என்றே எடுத்துக்கொள்ளும். பாக்கி வேலையைப் பட்டன் சத்தமாக ஞாபகப்படுத்தும். பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை, கூண்டு இறங்கும்போது, அது ஆரம்பமாகும். அதற்குள் பன்னிரண்டு நாளில் ஒவ்வொரு வரிக்கும் வால் ஒட்டிவிட வேண்டும். மூன்று கட்டம்தான். முடிந்தது, பாக்கி, வேண்டாம்.

"வரியை அழிச்சுட்டா?"

"அழிக்க முடியாதுங்க. பாதுகாப்பு விதி. அப்புறம், ஒவ்வொரு வாலுக்கும் உங்களோட கீழே இறங்கற ஜோடியோட கைரேகை வேணும். ஞாபகம் இல்லாதவரு தனியா சாட்சி சொல்லக் கூடாதுன்னு ஒரு கணக்கு."

சோதித்துப் பார்க்க முதலில் ரூபனின் பட்டனைத்தான் மாற்றியிருந்தார்கள். இருபத்தாறு வயது, கும்பலில் பெரிய வாயாடி. சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது அவன் காலர் பெண் குரலில் பேசியது: 'அம்மாவைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும்.'

அவன் அம்மாவை அடக்கம் பண்ணி இரண்டு வருடம் ஆகிறது.

"முடிஞ்சதுன்னு போட்டுருல" என்றார் லாசர், தணிந்த குரலில்.

"கூட்டிட்டுப் போவலையே அண்ணாச்சி" என்றான் ரூபன். தட்டை வைத்துவிட்டு வெளியே போனான். மணிக்கு ஒரு தடவை அது சொல்லிக்கொண்டே இருந்தது.

ஒரே ஒரு ஆளின் கோப்பு மட்டும் கலையவில்லை. அது மிக்கேலின் மனைவி தெரசாளுடையது. அவளும் கீழே இறங்குகிறவள்தான். புருஷன் பெண்டாட்டியை ஜோடியாக இறக்கினால் படுக்கைக்குச் சண்டை வராது என்று கம்பெனி நம்பியது. கம்பெனிக்குக் கல்யாணம் ஆகவில்லை.

தெரசாள் பட்டனைத் தொட்டால் முதலில் வருடம், மாதம், தேதி சொல்வாள். பிறகு ஷிப்டு, இடம், யார் சொன்னது. அப்புறம்தான் விஷயம். 'ரெண்டாயிரத்து அறுபத்தெட்டு, மூணு, ஒம்பது. காலை ஷிப்டு. ரெண்டாம் கூண்டு. ரூபன் சொன்னது. வடிகட்டி மாத்தியாச்சு.' முடித்துவிட்டு 'சாட்சி லாசர்' என்பாள். லாசர் அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருப்பார். கும்பல் அவளுக்குத் 'தாசில்தார்' என்று பெயர் வைத்திருந்தது.

மிருதுளா அவள் பலகையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, நீங்க வருஷத்தை முதல்ல போட்டிருக்கீங்க. அதனால உங்களுக்கு அகரவரிசையும் காலவரிசையும் ஒண்ணாவே வந்துருச்சு. எல்லா விவரமும் வரிக்குள்ளயே இருக்குது. யாராலயும் பிரிச்சு எடுத்துட்டுப் போக முடியாது. இதையெல்லாம் எங்க படிச்சீங்க?"

"உப்பளத்துல" என்றாள் தெரசாள். "சாக்குல பாத்தி நம்பரும் தேதியும் சாக்கு மேலயே எழுதுவோம். ஒரு தடவை புதுக் கணக்கப்பிள்ளை வந்தான். சாக்குல எழுதாதிய, அழுக்கா இருக்கு, நான் நோட்டுல எழுதிக்கிடுதேன்னான். மழை வந்துச்சு. சாக்கெல்லாம் ஷெட்டு மாறுச்சு. நோட்டு அவன் கையில, சாக்கு எங்க தலையில. எந்தச் சாக்கு யாரு வாருனதுன்னு கடவுளுக்கே தெரியலை. சாக்கு போற எடத்துக்கு எழுத்தும் போவணும், அவ்வளவுதான்."

"ஆனா அக்கா, வாசிக்கக் கொஞ்சம் கஷ்டமா இருக்குதுங்க. விஷயத்துக்கு வர்றதுக்குள்ள மூச்சு வாங்குது."

"வாங்கட்டும். கடலடியில இருக்கதை விடவா?"

அன்று மத்தியானமே தாசில்தாரிடம் மனு கொடுக்க வரிசை நின்றது. "மதினி, எம் பல்லு புடுங்குனது எந்த வருசம்?" "ஏ தெரசா, எம் முழங்காலு உன் கோப்புல எத்தனை எடத்துல வருது?" அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினாள். லாசரின் முழங்கால் நூற்றுப் பதினேழு இடத்தில் வந்தது, தேதியோடு. லாசர் அதைப் பிரதி எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

மிக்கேல் அப்போது ஒரு மூலையில் உட்கார்ந்து தன் கோப்பில் 'தெ'-க்குத் தள்ளியிருந்தான். பெண்டாட்டி பெயரில் எத்தனை வரி இருக்கிறது என்று பார்க்க ஆசை. அறுபத்தொன்று இருந்தது. அதைக் காட்டிப் பீற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான். 'தெரசாளிடம் குழம்பு நல்லா இருந்துச்சுன்னு சொல்லணும்.' 'தெரசாளுக்குச் செருப்பு.' சிரித்துக்கொண்டே கீழே தள்ளினான்.

'தெரசாளை விட்டுப் போயிரணும். மேலே போனதும் சொல்லணும்.'

அதற்கு அடுத்த வரி, 'தெரசாளை வெயில்ல நிக்க விடக் கூடாது.'

மிக்கேல் பலகையைக் கவிழ்த்து வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்த்திப் பார்த்தான். வரி அங்கேயேதான் இருந்தது.

மறுநாள் பம்பு ஷெட்டில் லாசரை மட்டும் தனியாகப் பிடித்துக் காட்டினான். லாசர் இரண்டு தடவை வாசித்தார்.

"எப்ப எழுதுனது?"

"தெரியலை அண்ணாச்சி."

"எதுக்கு எழுதுன?"

"அதுவும் தெரியலை."

"இப்ப போவணும்னு இருக்கா?"

"என்ன அண்ணாச்சி கேக்கிய? நேத்துதான் அவளுக்கு மின்விசிறி மாட்டுனேன்."

"அப்ப முடிஞ்சதுன்னு போடு."

"முடிஞ்சதுன்னா விட்டுப் போயிட்டேன்னு அர்த்தம். எங்க போயிருக்கேன்?"

"வேண்டாம்னு போடு."

"வேண்டாம்னா ஒரு காலத்துல வேணும்னு இருந்தேன்னு ஆவுதுல்லா? கைரேகை வைக்கப்போறது அவ."

"பாக்கின்னு விடு."

"திங்கக்கெழமை கூண்டுக்குள்ள இருவது பேரு முன்னால பட்டன் வாசிக்கும்."

லாசர் பம்பின் மேல் உட்கார்ந்தார். "மூணு கட்டம் வச்சான். மூணுலயும் குழி வச்சிருக்கான்."

மிக்கேலுக்கு ஒரு யோசனை இருந்தது. ஷிப்டு மாறும்போது போகிறவன் மீதிச் சோலியை வருகிறவனின் பட்டனைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போவது கீழே வழக்கம். கையுறையைக் கழற்றித் தன் பட்டனில் சொல்லி, அதை இன்னொருவன் தேடுவதை விட அது சுலபம். அதனால் எல்லோர் கோப்பிலும் அடுத்தவன் வரி கலந்துதான் கிடக்கும்.

"ரூபன் எதுவும் என் பட்டன்ல சொல்லியிருப்பானோ?"

"ரூபன் எதுக்குல உம் பொண்டாட்டிய விட்டுப் போவணும்?" என்றார் லாசர். "விட்டுப் போவணும்னு கூட இருக்கவன்தான் சொல்லுவான். வேற எவனாவது சொல்லியிருந்தா அது இதை விடப் பெரிய வெவகாரம். பேசாம உன் வரின்னே வச்சுக்கோ."

வால் ஒட்டும் வேலை கேன்டீன் மேசைகளில் நடந்தது. ஜோடி ஜோடியாக உட்கார்ந்து அகரவரிசையில் போனார்கள். மிக்கேல் கோப்பில் மூவாயிரத்துச் சொச்சம் வரி. அவன் வாசிக்க வேண்டும், தெரசாள் தன் கோப்பைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

"'காது அடைக்கி.'"

"அறுபத்தாறு, நவம்பரு. டாக்டரு பாத்துட்டாரு. முடிஞ்சது."

"'கோழி.'"

"என்ன கோழி?"

"'கோழி'ன்னுதான் போட்டிருக்கு."

"கடலுக்கு அடியில உக்காந்து கோழியை நினைச்சிருக்கிய. வேண்டாம்னு போடுங்க."

இரண்டாம் நாள் 'இ'. நான்காம் நாள் 'க'. மிக்கேலுக்கு எழுத்துகள் வண்டிச் சக்கரம் போலத் தன்னை நோக்கி உருண்டு வருவதாகத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் அகரவரிசையை மனப்பாடம் பண்ணாததற்கு வாத்தியார் அடித்திருக்கிறார். இப்போது தலைகீழாகவும் சொல்வான். ஆறாம் நாள் சோற்றுக்கு இடைவேளை இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டான். எட்டாம் நாள் 'ச' முடியப்போகும் நேரம்.

"நாளைக்கு 'ப'-லேருந்து ஆரம்பிப்போமா? ஒரே மாதிரி போனா அலுப்பா இருக்கு."

தெரசாள் கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். "ஏன், 'த' என்ன பாவம் பண்ணுச்சு?"

"தலைவலிக்கி."

"'த' இன்னும் வரவே இல்லை, அதுக்குள்ள தலைவலியா?"

பக்கத்து மேசையில் லாசருக்குப் புரையேறியது.

பத்தாம் நாள், வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து கேன்டீன் காலியானபோது அவர்கள் 'தெ'-க்கு வந்தார்கள். தரை கழுவிய ஈரம் காயவில்லை. மேலே விசிறி ஒரு பக்கம் சாய்ந்து சுற்றியது.

"'தெரசாளிடம் குழம்பு நல்லா இருந்துச்சுன்னு சொல்லணும்.'"

"சொன்னியளா?"

"சொல்லியிருப்பேன்."

அவள் தன் பலகையில் தேடினாள். "சொன்னதா இல்லை. பாக்கி."

"'தெரசாளுக்குச் செருப்பு.'"

"வாங்குனது ஒரு நம்பர் சின்னது. அறுபத்தேழு, மே. முடிஞ்சதுன்னு போடுங்க, காலுதான் முடிஞ்சுது."

இன்னும் நாற்பது வரி ஓடியது. அடுத்த வரியில் மிக்கேலின் வாய் நின்றது. உள்ளங்கையைப் பலகை மேல் வைத்து மூடினான். கட்டி பொறுக்கிப் பொறுக்கி மரத்துப்போன கை.

அவன் கணக்கெல்லாம் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். ரூபன் மேல் போடலாம். கழுவல் மேல் போடலாம். மென்பொருள் தப்பு என்று சொல்லலாம். இந்த வாரம் எல்லோரும் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவள் தேதி கேட்பாள். சாட்சி கேட்பாள்.

"இதை நீ வாசிக்காண்டாம். நானே சொல்லுதேன்."

"சொல்லுங்க."

"ஒரு காலத்துல... கீழே... உன்னை விட்டுப் போயிரணும்னு சொல்லியிருக்கேன். மேலே போனதும் உங்கிட்டச் சொல்லணும்னும் இருக்கு. எப்ப, எதுக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா என் வரிதான்."

தெரசாள் தன் பலகையை இழுத்து விரலால் மேலே, மேலே தள்ளிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் நிறுத்திப் பட்டனைத் தொட்டாள்.

"ரெண்டாயிரத்து எழுவத்தொண்ணு, ஆறு, பதினொண்ணு. மத்தியானம் மூணே கால். கேன்டீன். சொல்லிட்டாரு."

"என்னத்த எழுதுத?"

அவள் பலகையை அவன் பக்கம் திருப்பினாள்.

'2065-01-17. மாலை ஷிப்டு. மூணாம் கூண்டு. மிக்கேல் சொன்னது. என்னை விட்டுப் போவப்போறாராம். காரணம் கேட்டேன். எல்லாத்துக்கும் தேதி போடுதேனாம், இது குடும்பமா போலீஸ் ஸ்டேஷனான்னு கேக்காரு. கீழே சொன்னது கழுவிரும்னு மேலே போயி மறுபடி சொல்லுவாராம். சொல்லுதாரான்னு பாக்கணும். சாட்சி இல்லை.'

அந்த வரிக்கு வாலாக, அதன் கீழே: '2065-01-29. மேலே வந்தாச்சு. சொல்லலை.' அதன் கீழே: '2065-03-26. சொல்லலை.' ஒவ்வொரு தடவை மேலே வந்தபோதும் ஒரு வரி. மிக்கேல் விரல் வைத்து எண்ணினான். நாற்பத்தொரு 'சொல்லலை'. கடைசியில் இப்போது விழுந்த 'சொல்லிட்டாரு'.

"ஆறு வருசமா உனக்குத் தெரியுமா?"

"கோப்பை வாசிச்சதும் தெரிஞ்சுது. நான் வாலை வரியிலயே வச்சிருக்கேன்லா? நீங்க இன்னைக்குச் சொல்லுவிய, நாளைக்குச் சொல்லுவியன்னு பாத்தேன். நீங்க வந்ததும் வராததுமா மீன் வாங்கிட்டு வந்து, கூரை ஒழுகுது, ஏணி எங்கன்னிய."

"கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா ஞாபகம் வந்துருமே." அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "மனசு மாறிட்டாரு, அதான் சொல்லலைன்னு நினைச்சுக்கிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு அப்படி நினைக்க. போன வாரம் அந்தக் கோயம்புத்தூர்ப் பொண்ணு பேச்சுவாக்குல சொல்லுச்சு, பழைய பலகையில முடிஞ்ச சோலியெல்லாம் கண்ணுல படாம மறைஞ்சிருமாம். நீங்க கீழேயே எங்கிட்டச் சொல்லிட்டிய. சொல்லணும்னு இருந்த சோலி முடிஞ்சதுன்னு டிக்கைப் போட்டிருக்கிய. அது போயி மறைஞ்சுக்கிடுச்சு. மேலே வந்து நீங்க அதைப் பாக்கவே இல்லை." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். "மனசும் மாறலை, ஒண்ணும் மாறலை. ஒரு டிக்கு. ஆறு வருசம் நான் ஒரு டிக்கோட குடும்பம் நடத்தியிருக்கேன்."

உள்ளே கேன்டீன் அம்மாள் பாத்திரத்தை உருட்டினாள். மிக்கேல் அவள் கோப்பில் அந்த வால் முடிந்ததும் வந்த அடுத்த வரியைப் பார்த்தான். அதே தேதி. அதே கூண்டு. 'தெரசாள் சொன்னது. மேலே போயி அவரு சொன்னா, சரின்னு சொல்லணும்.'

அதற்கு வால் இல்லை. இத்தனை வருடத்தில் அவள் கோப்பில் முடிவு போடாத ஒரே வரி.

"இதுக்கு என்ன போடப்போற?" என்றான்.

"மொதல்ல உங்க வரிக்குப் போடுங்க. நேரமாவுது."

மிக்கேல் அந்த மூன்று கட்டத்தையும் பார்த்தான். எதையும் தொடவில்லை. வரியின் முடிவில் விரலை வைத்து, பட்டனில் பேசாமல், ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தான். வருடம் முதலில். மாதம். தேதி. மூணே கால் என்று போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அழித்து, மூணரை என்று போட்டான். கேன்டீன். சூசைமிக்கேல். வேண்டாம்.

பலகையை அவள் பக்கம் தள்ளினான். தெரசாள் வாசித்தாள்.

"வேண்டாம்னா எது வேண்டாம்? போறதா, நானா? வெவரமாப் போடுங்க."

அவன் பலகையைத் திரும்ப வாங்கினான். இந்தத் தடவை வெகு நேரம் எடுத்தது. கேன்டீன் அம்மாள் வந்து மேசையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

'போகலை. முன்னே போகாதது எனக்குத் தெரியாம. இப்ப தெரிஞ்சே போகலை. சாட்சி தெரசாள்.'

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். மென்பொருள் அத்தனை நீளமான வாலை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று சிவப்பு காட்டியது. தெரசாள் எழுந்து போய் மிருதுளாவைக் கையோடு கூட்டிவந்தாள். மிருதுளா வரியைப் பார்த்தாள், இருவரையும் பார்த்தாள். எங்கோ எதையோ தட்டினாள். சிவப்பு போயிற்று. தெரசாள் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"அடுத்தது என்ன?" என்றாள்.

"'தெரசாளை வெயில்ல நிக்க விடக் கூடாது.'"

"அது பாக்கி."

திங்கட்கிழமை காலை கூண்டு இறங்கியது. இருபது பேர் முழங்காலோடு முழங்கால் இடித்து உட்கார்ந்திருந்தார்கள். லாசர் மட்டும் மேலே கயிற்றுப் பக்கம் நின்று கை காட்டினார். நூற்றுப் பதினேழு தேதிகள் அவருக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்துவிட்டன. ரூபனின் காலர் மௌனமாக இருந்தது. கடைசி நாள் தெரசாள் சொல்லிக்கொடுத்தபடி அந்த வரியின் முடிவில், 'கூட்டிட்டுப் போவலை, ரூபன்' என்று தானே தட்டியிருந்தான். அந்த வாலையும் மிருதுளா ஏற்றுக்கொள்ள வைத்துவிட்டாள்.

வெளிச்சம் பச்சையாகிக் கறுத்தபோது பட்டன்கள் ஒவ்வொன்றாக விழித்தன. யாருக்கோ கயிறு வாங்க வேண்டும். யாருக்கோ தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டும். பிறகு தெரசாளின் காலர் தெளிவாகச் சொன்னது:

'மேலே போயி அவரு சொன்னா, சரின்னு சொல்லணும்.'

"எதுக்கு மதினி சரி?" என்றான் ரூபன். "யாரு சொன்னா?"

"அது ஒரு பாக்கிச் சோலி."

"டிக்கைப் போட்டு முடிச்சிர வேண்டியதுதான?"

"போடலாம்" என்றாள் தெரசாள். "அவசரம் இல்லை."

மணிக்கு ஒரு தடவை அது சொல்லும். இருபத்தெட்டு நாளும் சொல்லும். மேலே வந்து எல்லாம் கழுவிப்போன பிறகும் சொல்லும். மிக்கேல் குனிந்து அவளுடைய முகமூடியின் வாரைச் சரிபார்த்தான். பிறகு பட்டனைத் தொட்டு, முதலில் வருடத்தைச் சொன்னான்.